பானா தோமாஸி

1

எங்கள் பங்குத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவத்தைக் குறிப்புகளாக எழுதித் தரச் சொன்னார்கள். சிங்கம் பார்த்தீர்களா, அருவி பார்த்தீர்களா, அதையெல்லாம் எழுதுங்கள் சிஸ்டர் என்றார் செயலாளர். நர்ஸ் என்பதால் நான் அவருக்கு சிஸ்டர். சிங்கம் பார்க்கவில்லை. அருவி பார்த்தோம், சத்தமாக இருந்தது. அந்த விஷயம் இத்தோடு முடிந்தது. எனக்கு இப்போது வெளிநாடு என்றால் மைசூர்தான். அதைப் பற்றித்தான் எழுத வருகிறது. பிடித்தால் போடுங்கள்.

போன வாரம் கல்லறைத் திருநாள். காலையிலேயே செவ்வந்திப் பூவும் மெழுகுவத்திக் கட்டும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நானும், என் கணவர் சேவியரும், மகள் மெர்சியும், சேவியரின் அக்கா லில்லியும். லில்லி அக்கா ரிட்டயர் ஆன டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். என்.ஆர். மொஹல்லாவில் அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். மாமனார் கல்லறையையும் மாமியார் கல்லறையையும் அவரே முழங்காலில் உட்கார்ந்து தேய்த்துக் கழுவினார். சுற்றிலும் எல்லாக் குடும்பமும் அவரவர் ஆட்களைச் சுற்றி நின்று பூப் போட்டுக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு மெழுகுவத்தி மிச்சம் இருந்தது. அதை ஊன்ற எனக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் மண் இல்லை.

"மாமா பக்கத்துலயே வெச்சுடு ரோஸி. சாமிக்குத் தெரியாதா யாருக்குன்னு?" என்றார் லில்லி அக்கா.

நான் வைக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பூசையில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். எங்கள் குடும்பத்துப் பெயர்களைக் கொடுத்தவர் லில்லி அக்கா. மாமனார் பெயர் வந்தது, மாமியார் பெயர் வந்தது, சிக்கமகளூரில் எப்போதோ இறந்த ஒரு சித்தப்பா பெயர்கூட வந்தது. தாமஸ் பெயர் வரவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் சொன்னார் அக்கா.

"படிச்சா யாரு அது, யாரு அதுன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஆமேலே ஒவ்வொருத்தியா வந்து உன்னை விசாரிப்பா. நீ நாலு நாளைக்கு சாப்பிட மாட்டே. உன் நல்லதுக்குத்தான் கணே குடுக்கல."

அவர் சொன்னது நிஜம். என் நல்லதுக்குத்தான் செய்தார். அதுதான் இந்த ஊரில் எனக்குப் பெரிய கஷ்டம், எல்லாரும் என் நல்லதுக்கே செய்கிறார்கள். லில்லி அக்கா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

தாமஸ் எங்கள் மூத்த மகன். ஜாம்பியாவில் கிட்வே என்ற சுரங்க நகரத்தில், பத்து வயதில், மலேரியாக் காய்ச்சலில் போனான். அங்கேயே அடக்கம் செய்தோம். கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை இங்கே தூக்கி வந்தோம், அவ்வளவுதான் மைசூருக்கும் அவனுக்கும் உள்ள பழக்கம். பார்க்காத பிள்ளைக்காக ஊர் எத்தனை நாள் அழும்? யாரும் அழ வேண்டாம். அவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் எனக்கு. நான் கேட்பது அது மட்டும்தான்.

2

நான் ராமாபுரத்துக்காரி. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். நர்ஸிங் படிக்க மைசூர் வந்தபோது "ஏனுங்க", "சொல்லுங்க" என்று நான் இழுத்ததைக் கேட்டு ஹாஸ்டல் பெண்கள் சிரித்தார்கள். கல்யாணமாகி வந்த வீட்டிலும் சிரித்தார்கள். அதற்குத் தப்பித்து ஆப்பிரிக்காவுக்குப் போனால், அங்கேயும் கடைசியில் பட்டிக்காட்டுப் பேச்சுக்காரி என்ற பெயர்தான் மிஞ்சியது.

முதல் மூன்று வருடம் நாட்டின் வடக்கே கசாமாவில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே பேசுவது பெம்பா மொழி. பிரசவ வார்டில் படுத்திருந்த பெண்களிடம்தான் கற்றுக்கொண்டேன். வலி எடுத்த பெண்ணுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது, அதனால் சீக்கிரம் வந்துவிட்டது. நம் மொழியில் சொல்லுக்கு வால் முளைக்கும், அதில் தலை முளைக்கும். உமுன்து என்றால் ஆள், அபன்து என்றால் ஆட்கள். பெரியவர் ஒருவராக இருந்தாலும் பலராக்கித்தான் பேச வேண்டும், நம் 'நீங்கள்' போல. மரியாதை இன்னும் கொஞ்சம் கூட்ட, முடிவில் 'முக்வாய்' என்று சேர்ப்பார்கள். வாங்க முக்வாய், உட்காருங்க முக்வாய். எங்கள் ராமாபுரத்து 'ங்க'வே தான். அவர்கள் கேழ்வரகில் கிண்டுவதும் எங்கள் வீட்டுக் களியேதான். கசாமாவில் நான் ஒரு நாளும் அந்நியமாக உணர்ந்ததில்லை, அதைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

பிறகு சேவியருக்கு கிட்வேயில், செம்புச் சுரங்கத்தில், எலெக்ட்ரிகல் வேலை கிடைத்தது. சுரங்கத்துக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்து குவிந்த ஊர் அது. லாம்பா பேசுகிறவர், லாலா பேசுகிறவர், பிசா, அவுஷி, கிழக்கேயிருந்து நியாஞ்சா என்று ஆளுக்கொரு பேச்சு. சிலது பெம்பாவுக்கு அக்கா தங்கை, சிலது தூரத்துச் சொந்தம். எல்லாம் கலந்து, இங்கிலீஷும் கலந்து, டவுன் பெம்பா என்று ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார்கள். கசாமாவில் பந்துக்கு உமுபிலா. கிட்வேயில் போலா. அங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் முக்வாய் போடுகிறவள் நான் ஒருத்திதான். காய்கறிக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், இந்த இந்தியப் பெண்மணி எந்தக் காட்டிலிருந்து வருகிறாள் என்று.

அந்தப் பேச்சால் ஒரே ஒரு தடவை லாபம் வந்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஃபைல் காணவில்லை, நாளைக்கு வா என்பார்கள். ஒரு நாள் எரிச்சலில் அந்த அதிகாரியிடம் "ம்வாபொலேனி முக்வாய்" என்று கசாமாப் பாணியில் வணக்கம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவருக்குச் சொந்த ஊர் கசாமாப் பக்கமாம். ஃபைல் அவர் மேஜை மேலேயே இருந்தது.

தாமஸும் மெர்சியும் டவுன் பெம்பாவிலேயே வளர்ந்தார்கள். எங்களோடு தமிழ், அதுவும் சோற்றுக்கும் திட்டுக்கும் மட்டும். அவர்கள் இருவருக்குள் எல்லாம் அந்தப் பேச்சுதான். நான் பெம்பாவில் ஏதாவது சொன்னால் தாமஸ் வாயைக் குவித்து, இடுப்பில் கை வைத்து, என்னைப்போலவே முக்வாய், முக்வாய் என்று நடந்து காட்டுவான். மெர்சி தரையில் புரண்டு சிரிப்பாள்.

அங்கே குழந்தை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பானா என்று சொல்லிப் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பார்கள். பானா என்றால் இன்னாருடைய அம்மா. சம்பளக் கவரைத் தவிர வேறெங்கும் என் பெயர் ரோஸி இல்லை. தாமஸ் அவர்கள் வாயில் தோமாஸி. வார்டில், சந்தையில், கோயிலில், பஸ்ஸில், எங்கேயும் நான் பானா தோமாஸி.

3

அவன் இறந்ததைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி, எனக்குத் தெரிந்த டாக்டர், என் கையாலேயே ஏற்றிய மருந்து. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. நர்ஸாக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம் என்று இன்று வரை தெரியவில்லை.

சாவு வீட்டில் நாற்காலி மேஜையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசலில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கு முகம்கூடத் தெரியாத பெண்கள் அழுதுகொண்டே உள்ளே நுழைந்து என் பக்கத்தில் படுத்துத் தூங்கினார்கள். அடக்கம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. அவர்களே மாவு கொண்டுவந்து, அவர்களே கிண்டி, எனக்கும் ஊட்டினார்கள். அந்த வருடங்களில் அந்த ஊரில் வாரத்துக்கு ஒரு சாவாவது இருந்தது, பெயர் சொல்லாத அந்த நோயால். தங்கள் வீட்டுச் சாவிலிருந்து எழுந்து என் வீட்டுச் சாவுக்கு வந்தவர்களும் அதில் உண்டு.

என்னோடு வேலை பார்த்த மருத்துவச்சி ஒருத்தி, பானா சந்தா. பருமனான பெண், சத்தமாகப் பேசுவாள். ஒரு காலையில் என் தோளைத் தட்டினாள்.

"பானா தோமாஸி, எழுந்திருங்க. தண்ணி சுட்டிருக்கு, குளிங்க."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. இனிமே வேண்டாம்" என்று கத்தினேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடுறாங்க?"

"பானா சந்தா."

"என் சந்தா நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே போயிட்டான். அதுக்கப்புறம் அஞ்சு பெத்தேன், அஞ்சும் இருக்கு. யாராவது பேரை மாத்தினாங்களா? கூப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் அவன் வந்துட்டுப் போனான்னு அர்த்தம். நிறுத்திட்டா நான் அவனைப் பெக்கவே இல்லைன்னு ஆயிடும்."

அத்தனை வருடமும், சந்தா தலைநகரத்தில் எங்கேயோ வேலை பார்க்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை யாராவது பானா தோமாஸி என்று கூப்பிடும்போதும் நெஞ்சில் குத்தும். தக்காளி வாங்கும்போது குத்தும், மாத்திரை கொடுக்கும்போது குத்தும். பிறகு எப்போது என்று தெரியாமல் அந்தக் குத்தலே என் ஊன்றுகோல் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, எத்தனையோ வாயால், என் பிள்ளை பெயர் அந்த ஊரில் புழங்கிக்கொண்டே இருந்தது.

4

சுரங்கத்தைத் தனியாருக்கு விற்கப் போகிறார்கள் என்றார்கள். சேவியருக்கு வேலை போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு மைசூர் வந்தோம்.

இறங்கின அன்றிலிருந்து நான் மெர்சி அம்மா. பால்காரருக்கு மெர்சி அம்மா, பள்ளிக்கூடத்தில் மெர்சி அம்மா, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களுக்கு மெர்சி தாயி. ரேஷன் கார்டு எழுதுகிறவர் "மக்களு எஷ்டும்மா?" என்று கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று. இரண்டு என்று வந்துவிட்டது வாயில். பெயர்களைச் சொல்லச் சொன்னார், வயதைச் சொல்லச் சொன்னார். தாமஸுக்கு வயது சொல்ல முடியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த சேவியர் "ஒந்தே சார்" என்றார். ஒன்றுதான். அவர் அப்படித்தான். அந்தப் பெயர் வருகிற இடத்திலிருந்து எழுந்து வெளியே போய்விடுவார், போக முடியாத இடத்தில் இப்படிச் செய்வார்.

நான் சேர்ந்திருக்கிற நர்ஸிங் ஹோமில் ஒரு பெரியவருக்கு ஊசி போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் "முடிஞ்சது முக்வாய்" என்றேன். அவர் மகள் கண்காணிப்பாளரிடம் போய், இந்த மலையாளி நர்ஸ் அப்பாவைத் திட்டுகிறாள் என்று புகார் செய்தாள். மன்னிப்புக் கேட்டேன். நான் மலையாளி இல்லை என்பதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

மெர்சி கதை வேறு. இங்கே பள்ளியில் சேர்ந்த முதல் நாள், டீச்சர் கேட்ட டிசியை அவள் நீட்டியபோது, அங்கே பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, மெதுவாகக் கை தட்டிவிட்டு நீட்டியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் என்ன தப்புக்கு முட்டி போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். அன்றோடு பெம்பாவை நிறுத்திவிட்டாள்.

ஒரே வருடத்தில் கன்னடம் தண்ணீராக ஓடுகிறது. தமிழ், கேட்டால் வரும். நான் விடாமல் பெம்பாவில் பேசிப் பார்த்தேன். சோறு வேண்டுமா என்று பெம்பாவில் கேட்டால் "பேடம்மா" என்று கன்னடத்தில் வேண்டாம் என்பாள். தெருவில் பேசினால் கையை உதறிக்கொள்வாள்.

"ரோட்ல அதைப் பேசாதேம்மா ப்ளீஸ். எல்லாரும் நோட்தாரே."

எல்லாரும் பார்க்கிறார்களாம். ஒரு நாள் கெஞ்சிக் கேட்டேன். "நீயும் தாமஸும் போலா ஆடறப்ப ஒண்ணு கத்துவீங்களே பாப்பா, எனக்குப் பாதிதான் புரியும். அது என்ன?"

"நங்கொத்தில்லம்மா." தெரியாது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு செய்தி வந்தது. கிட்வேயிலிருந்து திரும்பிய டாக்டர் ஒருவர் சொன்னார், பானா சந்தா இறந்துவிட்டாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்தது. அங்கே என்னை அந்தப் பெயரில் நினைக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இங்கே, வாய் திறக்காத சேவியரை விட்டால், அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் மெர்சி. அவளும் மறந்துவிட்டால் தாமஸ் ஒரு போட்டோவாக மட்டும் இருப்பான். அதுவும் லில்லி அக்கா பத்திரமாக உள் அலமாரியில் வைத்திருக்கிற போட்டோ.

5

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் தேவராஜ மார்க்கெட்டில் ஒரு மாவுக்கடை முன்னால் உயரமான கறுப்புப் பையன் ஒருவன் நின்று, கடைக்காரர் நீட்டிய ரவை, மைதா, அரிசிமாவு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "அவே, அவே" என்று தனக்குள் முனகினான். அவே என்றால் பெம்பாவில் இல்லை என்று அர்த்தம். வெள்ளை மக்காச்சோள மாவு தேடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கீரைக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"ம்வாபொலேனி முக்வாய்!"

அவன் பயந்தே போனான். பிறகு சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். பெயர் முவான்சா, இங்கே பி.காம். படிக்கிறான், ஊர் கிட்வேயே தான். "அம்மா, நீங்க ரேடியோவுல சாவு அறிவிப்பு வாசிக்கிறவங்க மாதிரி பேசுறீங்க" என்றான். எனக்கு அவன் பேச்சு பாதிதான் பிடிபட்டது. ஆனால் அந்த வேகம், அந்த இங்கிலீஷ் வால், சொல்லை நடுவில் மடக்குகிற அந்த விதம், எல்லாம் தாமஸ். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன்.

ஏன் கூப்பிட்டேன் என்பதை மறைக்கவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி, சாப்பிட்ட வீட்டில் அந்தப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று அவன் கேட்டே ஆக வேண்டும். நான் சொல்வேன். அவன் கூப்பிடுவான். இந்த வீட்டில், லில்லி அக்கா முன்னால், சேவியர் முன்னால், மெர்சி முன்னால், ஒரு தடவை அந்தப் பெயர் ஒலித்துவிடும். மெர்சிக்கும் கிட்வேப் பேச்சைக் கேட்டால் வாய் திறக்காமலா போகும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான். நான் கோழிக்குழம்பு வைத்து, வெள்ளைச் சோள மாவு கிடைக்காததால் ராகிக் களி கிண்டியிருந்தேன். களியைப் பார்த்து "இது கசாமாக்காரங்க சாப்பாடு" என்று கேலி செய்துவிட்டு இரண்டு உருண்டை சாப்பிட்டான். சேவியர் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டார். லில்லி அக்கா மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா, கூச்சப்படாதே" என்று தமிழிலேயே உபசரித்தார். மெர்சி அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட வரவில்லை.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவன் மெதுவாக இரண்டு தடவை கை தட்டினான். நன்றி சொல்கிற விதம் அது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"பானா நானி?"

யாருடைய அம்மா நீங்கள்? இதற்காகத்தானே காத்திருந்தேன். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"பானா மெர்சி."

சொன்னது நான் இல்லை. வாசலிலிருந்து, சுத்தமான கிட்வேக் குரலில், ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. மெர்சி நடந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. முவான்சாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு ஒரே சந்தோஷம். அவளிடம் மடமடவென்று எதையோ கேட்டான். அவளும் மடமடவென்று பதில் சொன்னாள். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மைதானத்தில் போலா ஆடுவீர்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது அவளிடம். ஒரு வார்த்தையும் போகவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. இல்லையப்பா, நான் பானா தோமாஸி என்று சொல்லியிருக்கலாம். அவள் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே. சேவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்கிற மாதிரி. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை நடுங்குகிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசலில் குனிந்து, "ஷாலேனிபோ, பானா மெர்சி" என்று விடைபெற்றான். நலமாக இருங்கள் என்று அர்த்தம். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னேன்.

"என்ன கேட்டான் ரோஸி அந்தப் பையன்? பாப்பா டக்குனு என்னமோ சொன்னாளே?" என்றார் லில்லி அக்கா.

"என் பேரைக் கேட்டான்க்கா. சொன்னா."

"பாத்தியா? அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ சும்னே பயந்துட்டிருந்தே."

"ஆமாக்கா" என்றேன். சேவியர் எழுந்து வெளியே போனார். மெர்சி உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவதாக முவான்சா சொல்லியிருக்கிறான். இன்று வியாழக்கிழமை, இந்த வழியாகப் போனேன் என்று சும்மா எட்டிப் பார்த்தான். கீழே தெருவில் நின்றபடியே பானா மெர்சி, பானா மெர்சி என்று சத்தமாகக் கூப்பிட்டான். மெர்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், போவேனா மாட்டேனா என்று. "இதோ வரேன்" என்று பெம்பாவில் குரல் கொடுத்துவிட்டு, போய்க் கதவைத் திறந்தேன்.